வேர் எட்டும் ஆழம்

கேரளத்தின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு இறங்கி வந்த மண், தேயிலைக் காட்டிலிருந்து புறப்பட்டதல்ல. அது கிளம்பிய இடம் மலையில் வெகு மேலே, இரவிகுளம் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கிறது. வரையாடுகள் மேயும் புல்வெளி. மலையின் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடு. கலப்பை படாத நிலம். அங்கே பெயர்ந்த மண்ணும் பாறையும் ஓடைத்தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அடிவாரத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளாக இருந்த நான்கு லயங்களை மூடின. இறந்தவர்கள் 70 பேர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். பலருடைய பூர்விகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் முன்பே செத்திருந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. அந்த ஒரே நாளில் அங்கே பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கு மேல். சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஐந்தில் இரண்டு பங்கு அது.

நான்கு ஆண்டு கழித்து, 2024 ஜூலை 30 விடியலுக்கு முன், வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த சரிவும் அப்படித்தான். அதன் உச்சி சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், அடர்ந்த காட்டுக்குள் இருந்தது. அதே மலையில் 1984லும் ஒரு சரிவு நடந்திருக்கிறது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாம் எழுதுகிற வாசகம் ஒன்று உண்டு: மரத்தை வெட்டினார்கள், மலை சரிந்தது. இந்த இரண்டு இடங்களும் அந்த வாசகத்துக்கு அடங்குவதில்லை. உடனே எதிர்த்தரப்பு, ‘பாருங்கள், காட்டிலேயே சரிகிறது, ரிசார்ட் கட்டினால் என்ன கெட்டுவிடும்’ என்று கிளம்பும். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்க மறக்கின்றன. சரிந்தது எவ்வளவு ஆழமான மண்?

ஒரு சரிவில் மண் ஏன் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மின்னூட்ட விதிக்குப் பெயர் பெற்ற அதே கூலோம்தான், ராணுவப் பொறியாளராகக் கோட்டைச் சுவர்கள் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், 1773இல் இதற்கு விடை சொன்னவர். மண்ணைப் பிடித்துவைப்பவை இரண்டு. ஒன்று, துகளும் துகளும் உரசும் உராய்வு. மேலிருந்து அழுத்தும் எடை கூடக் கூட இதுவும் கூடும். இன்னொன்று ஒட்டுத்தன்மை, களிமண்ணில் இது அதிகம், மணலில் ஏறக்குறைய இல்லை. தண்ணீர் இந்தக் கணக்கை எப்படிக் குலைக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1920களில் கார்ல் டெர்சாகி காட்டியது இது: துளைகளில் நிரம்பிய நீர், துகள்களை ஒன்றின்மேல் ஒன்று அழுந்தவிடாமல் தாங்கிக்கொள்கிறது. எடை அப்படியே இருக்கிறது, உராய்வு மட்டும் குறைந்துவிடுகிறது.

எண்களில் பார்த்தால் இது உறைக்கும். 30 பாகை சாய்வுள்ள மலைச்சரிவு. அதன்மேல் 1 மீட்டர் ஆழத்துக்கு, ஒட்டுத்தன்மை இல்லாத சாதாரண மண். சரிவின் ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால், காய்ந்திருக்கும்போது அந்த மண்ணைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 780 கிலோ எடைக்குச் சமம். உராய்வு தரக்கூடிய எதிர்ப்பு 940 கிலோ அளவுக்கு இருக்கும். மண் நிற்கிறது. இப்போது மழை கொட்டி, அந்த ஒரு மீட்டரும் முழுக்க ஊறி, நீர் சரிவோடு இணையாகக் கீழ்நோக்கிக் கசிகிறது என்று வையுங்கள். இழுவிசை 820 கிலோவுக்குப் போகும்; பெரிய மாற்றமில்லை. உராய்வோ 470 கிலோவுக்கு விழுந்துவிடும். மழைநீரின் பாரம் தாங்காமல் மலை சரிந்தது என்று செய்தியில் படிக்கிறோமே, பாரம் அதில் மிகச் சிறிய பங்கு. பிடிமானம் பாதியாகப் போனதுதான் விஷயம்.

இதற்கும் முன்னால் ஒரு கட்டம் உண்டு. மெரினாவில் குழந்தைகள் கட்டும் மணல் கோட்டை ஈர மணலில்தான் நிற்கும்; காய்ந்தாலும் உதிரும், அலை வந்து நனைத்தாலும் கரையும். அரைகுறை ஈரத்தில் துகள்களுக்கிடையே நீர் மெல்லிய படலமாக இருந்து அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மலைச்சரிவுகள் ஆண்டின் பெரும்பகுதியை இந்த இரவல் பலத்தில்தான் கழிக்கின்றன. மழையின் முதல் சில நாட்கள் இந்த உறிஞ்சுவிசையைக் கரைக்கின்றன. அதன் பிறகு வரும் கனமழைதான் துளைநீரின் அழுத்தத்தை ஏற்றுகிறது. பெரும்பாலான சரிவுகள் மழையின் முதல் நாளில் நடக்காமல், ஏற்கெனவே ஊறிய மலைமீது ஓர் இரவு கொட்டும்போது நடப்பது இதனால்தான்.

மேலே போட்ட கணக்கில் ஊறிய மண்ணுக்கு 350 கிலோ துண்டு விழுகிறது. செடி வந்து நிற்கும் இடம் அதுதான்.

மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வேருக்கு இழுவைதான் பலம். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரவேர் ஒன்று அறுபடுவதற்கு முன் இரண்டு கிலோ அளவு தாங்கும். ஒரு சதுர மீட்டரில் அப்படி நூற்றுக்கணக்கான வேர்கள், நழுவும் மண்ணையும் அடியில் அசையாத மண்ணையும் குறுக்கே தைத்துக்கொண்டிருந்தால், துண்டு விழும் 350 கிலோவைக் கொடுத்துவிட்டு மிச்சமும் வைத்திருக்கும். இதில் மெல்லிய வேர்களுக்குத்தான் மதிப்பு அதிகம். பருமனுக்கு ஏற்ற பலத்தைக் கணக்கிட்டால் சல்லிவேர் தடித்த வேரைவிட உறுதியானது; மண்ணோடு உரசும் பரப்பும் அதற்குத்தான் கூடுதல். கையளவு தடித்த வேர் சில சமயம் அறுபடாமலே, மண்ணிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

1970களின் கடைசியில் டியன் வூவும் கூட்டாளிகளும் அலாஸ்காவின் மழைக்காட்டுச் சரிவுகளில் இந்தக் கணக்கை முறையாகப் போட்டார்கள். நழுவும் தளத்தைக் கடக்கும் வேர்களின் பலத்தையெல்லாம் கூட்டி, அதை மண்ணின் ஒட்டுத்தன்மையோடு சேர்த்துக்கொள்வது அவர்கள் முறை. இன்றும் பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான். அதில் ஒரு மிகை உண்டு. எல்லா வேர்களும் ஒரே நொடியில் உச்ச பலத்தைக் காட்டி ஒரே நொடியில் அறுவதாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் முதலில் இறுகும் வேர் முதலில் அறும், அதன் சுமை அடுத்ததன்மேல் விழும், அதுவும் அறும். இந்த வரிசைப்படியான அறுதலைச் சேர்த்துக் கணக்கிட்டால் வேர்களின் பங்கு கணிசமாகக் குறைந்துவிடுகிறது. குறைந்த பிறகும், ஒரு மீட்டர் மண்ணை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் அது போதும்.

ஆனால் ஒரு மீட்டருக்குக் கீழே? பெரும்பாலான மரங்களின் வேர்த்திரளில் மிகப் பெரும்பங்கு மேல் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. காற்றும் ஊட்டமும் இருக்கும் இடம் அதுதான். மழை அதிகமுள்ள மலைகளில் வேருக்கு ஆழமாகப் போகத் தேவையும் இல்லை. அதே சரிவில் 3 மீட்டர் ஆழத்தில் மண் நழுவத் தொடங்கினால் துண்டு விழும் தொகை ஆயிரம் கிலோவைத் தாண்டும். அங்கே குறுக்கே தைக்க வேர் ஏறக்குறைய இல்லை. பக்கவாட்டு வேர்கள் ஓரங்களில் இழுத்துப் பிடிக்குமே என்று கேட்கலாம். சின்ன சரிவுக்குப் பிடிக்கும். நழுவும் திட்டு பெரிதாகப் பெரிதாக அதன் பரப்பு வேகமாகக் கூடும், சுற்றளவு அந்த வேகத்தில் கூடாது. ஏக்கர் கணக்கில் நகரும் மண்ணுக்கு ஓரத்து வேர் ஒரு பொருட்டே இல்லை. அப்போது மரங்கள் நின்ற நிலையிலேயே மண்ணோடு சேர்ந்து இறங்கும். அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த மரத்தடிகள் பாறையைப் போலவே ஆபத்தானவை.

பெட்டிமுடி போன்ற இடங்களுக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் முகடுகளில் புல் இருக்கும். இரண்டு முகடுகளுக்கு நடுவே குழிந்த மடிப்பில் சோலை இருக்கும். அந்த மடிப்பில் தண்ணீர் மட்டும் சேர்வதில்லை. இரு பக்கத்திலிருந்தும் மண் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து, பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே தங்கித் தடித்துக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் ஆழம் வேரின் கைக்கு எட்டாமல் போகும். ஒரு பெருமழையில் மடிப்பு தன்னைக் காலி செய்துகொள்ளும்; பிறகு மீண்டும் நிரம்பத் தொடங்கும். மனிதன் வருவதற்கு முன்பும் மலைகள் இப்படித்தான் இருந்தன. சரிவு நடப்பதை இங்கே தடுக்க முடியாது. அது இறங்கும் தடத்தில் யாரைக் குடியிருத்தினோம் என்பது மட்டும்தான் மனிதக் கையில் இருந்தது. ஓடையோரம் தண்ணீர் வசதி, ஓரளவு சமநிலம் என்று பார்த்து லயம் கட்டிய தோட்ட நிர்வாகங்கள், மடிப்பு வந்து முடியும் வாயைத்தான் பல இடங்களில் தேர்ந்தெடுத்தன.

மரம் வெட்டினால் மலை உடனே சரிவதில்லை என்பதும் இந்தக் கதையில் சேர வேண்டும். வெட்டுப்பட்ட மரத்தின் வேர் சில ஆண்டுகளுக்கு மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு மட்கும், முதலில் மட்குவது சல்லிவேர்கள், அதாவது அதிக வேலை செய்தவை. புதிய கன்றின் வேர் அந்த இடத்தை நிரப்பப் பத்து ஆண்டுக்குமேல் ஆகலாம். பழைய வேரின் பலம் இறங்கும் கோடும் புதிய வேரின் பலம் ஏறும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடைவெளி, வெட்டிய மூன்றாம் ஆண்டிலிருந்து பத்து, பதினைந்தாம் ஆண்டு வரை, மிகவும் பலவீனமான காலம். வெட்டியவர் லாபத்தை எடுத்துக்கொண்டு போய், நிலம் கைமாறி, பொறுப்பான அதிகாரியும் மாற்றலாகிப் போன பிறகு சரிவு வரும். காரணத்தையும் விளைவையும் முடிச்சுப்போட ஆளிருக்காது.

நியூசிலாந்தின் கிஸ்பர்ன் பகுதி இதைப் பாடமாகவே நடத்திக் காட்டியது. அங்கே குடியேறிகள் மலைக்காட்டை அழித்து ஆட்டு மேய்ச்சல் நிலமாக்கினார்கள். 1988 மார்ச்சில் போலா புயல் வந்தபோது மேய்ச்சல் சரிவுகளும், அப்போதுதான் பைன் நட்டிருந்த சரிவுகளும் உரிந்து விழுந்தன. எட்டு ஆண்டுக்கு மேல் வளர்ந்த பைன் தோப்புகளிலும் இயற்கைக் காட்டிலும் சேதம் பல மடங்கு குறைவு. விளைவு, இன்னும் நிறைய பைன் நட்டார்கள். மண்ணைப் பிடிக்க நட்ட மரம் முற்றியதும் வியாபார மரமானது, மலைமலையாக மொட்டையடித்தார்கள். 2023இல் கேப்ரியல் புயலில், வேர் மட்கிய சரிவுகளிலிருந்து மண்ணும், வெட்டிப் போட்ட கழிவுக் கட்டைகளும் சேர்ந்து ஆறுகளில் இறங்கிப் பாலங்களை அடித்துச் சென்றன. ஒரே மரம், ஒரே மலை, ஒரு தலைமுறை இடைவெளி.

தேயிலைக்கு வருவோம். பழைய தோட்டங்களில் இருப்பது விதையிலிருந்து வளர்ந்த செடி. அதற்கு ஆணிவேர் உண்டு. விளைச்சலுக்காகப் பிறகு வந்தவை ஒரு இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டிலிருந்து முளைக்கவைத்தவை. இலங்கை மலையகத்தில் வீ.பி. தேயிலை என்பார்கள். துண்டிலிருந்து முளைத்ததற்கு உண்மையான ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். கொழுந்துக்கு இது நல்ல செடி. மேல்மண்ணையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் விதைச்செடியைப் பிடுங்கிவிட்டு இதை நட்ட சரிவு, முன்பிருந்த அதே சரிவு இல்லை. பிடுங்கிய பழைய வேர்க்குழிகளும் அடிமண்ணில் மட்கும் வேர்த்துண்டுகளும் நீர் இறங்கும் வழிகளாகிவிடும்.

வேரின் இன்னொரு முகம் இது. உயிரோடிருக்கும் வேர் மண்ணைத் தைக்கிறது. செத்த வேர் மண்ணில் குழாயாகிறது. காட்டு மண்ணின் பெருமையே அது மழையை உறிஞ்சிக்கொள்வதுதான் என்கிறோம். ஓடைகளுக்கு அது வரம். செங்குத்தான சரிவுக்கு, உறிஞ்சிய நீர் வெளியேற வழி இருக்கும்வரை வரம். கேரளத்தில் இடுக்கி, கண்ணூர் பகுதிகளில் நிலத்தடியில் நீர் அரித்துக் குகைபோல் குடையும் இடங்கள் இருக்கின்றன. மேலே வீடு, கீழே வெற்றிடம்.

இலைகள் மழையைத் தடுக்குமே, மரம் நீரை உறிஞ்சி ஆவியாக்குமே என்பதும் சரிதான், ஆண்டுக் கணக்கில் பார்த்தால். வெயில் நாளில் மரக்கூட்டம் சில மில்லிமீட்டர் நீரை மண்ணிலிருந்து வெளியேற்றும். மழைக்கு முன் மலையைக் காயவைத்து வைத்திருப்பது பெரிய உதவி. பத்து நாள் மூடுபனியும் தூறலுமாக இருக்கும்போது இலையிலிருந்து பெரிதாக எதுவும் ஆவியாவதில்லை. ஒரு மழையில் இலைக்கூரை பிடித்துவைப்பதும் சில மில்லிமீட்டரே. 600 மில்லிமீட்டர் கொட்டும் இரவில் அதைக் கணக்கில் சேர்ப்பது வீண்.

நீலகிரியின் கதை கொஞ்சம் வேறு. அதன் அடிப்பாறை சார்னோகைட். இந்தப் பாறை நீலகிரியில் வெகு ஆழத்துக்கு மக்கியிருக்கிறது. சில இடங்களில் நாற்பது மீட்டர் வரை. மேலே சிவந்த மண், அதனடியில் ஈரம் பட்டால் வழுவழுப்பாகும் வெளிறிய களிமண், அதற்கும் கீழே பாறை. மேல்மண்ணில் இறங்கும் நீர் களிமண்ணில் தடைபட்டுத் தேங்கும். நழுவும் தளம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, வேர் எட்டாத ஆழத்தில்.

2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. மாவட்டத்தில் ஒரு சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை ரயில் பாதை சிதைந்தது. அந்த ஆயிரத்தில் மிகப் பல, சாலைக்கும் வீட்டுக்கும் மலையைச் செங்குத்தாக வெட்டிய இடங்களில் நடந்த சிறு சரிவுகள். சரிவின் அடிப்பகுதியை வெட்டுவது, மேலேயிருக்கும் மண்ணுக்கு இருந்த முட்டுக்கொடுப்பை எடுத்துவிடுவது. ஜேசிபி ஒரு மதியத்தில் எடுத்துவிடும் முட்டுக்கொடுப்பை எந்த மரமும் நூறு ஆண்டில் ஈடுசெய்யாது. வெட்டிய பிறகு கட்டும் தடுப்புச்சுவரில் நீர் வடியத் துளை விடாமல் கட்டுவது இன்னும் மோசம். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் சுவரையும் சேர்த்துத் தள்ளிவிடும். கேரட், உருளைக்கிழங்குக்காக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராகப் பாத்தி பிடிப்பதும் கூடாதுதான், ஆனால் அது பெரும்பாலும் மேல்மண்ணைக் கரைக்கும் குற்றம். சரிவின் அடியை வெட்டுவதோடு அதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

மலைவெட்டின் மேல்மண்ணுக்குச் செடியால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வெட்டிவேர் இதில் பெயர் பெற்றது, காரணத்தோடுதான். நேராகக் கீழே 3 மீட்டர் வரை இறங்கும் அதன் வேரின் இழுவைப் பலத்தை மென் எஃகின் ஆறில் ஒரு பங்கு என்று அளந்திருக்கிறார்கள். 1980களில் உலக வங்கியின் வல்லுநர்கள் இந்தியாவில் இதைப் பரப்பி, பிறகு உலகமெங்கும் கொண்டுபோனார்கள். கடலூர் கடற்கரையில் பயிரிடும் விவசாயிக்கு வேரைத் தோண்டி எடுத்தால்தான் காசு. மலைச்சரிவில் தோண்டாமல் விட்டால்தான் பயன். நிழல் அதற்கு ஆகாது என்பதால் மரத்தடியில் நட்டுவிட்டு விழா எடுப்பது பணவிரயம்.

மண் பெருமளவில் நகரப் போகிறது என்றால் செடிகளே சொல்லும். நேராக இருந்த மரங்கள் ஒரே பக்கம் சாயும். வேலிக்கம்பங்களின் வரிசை வளையும். அடிமரம் வளைந்து மேலே நேரான மரம், மண் பல ஆண்டுகளாக மெல்ல ஊர்வதைக் காட்டலாம். வெளிச்சம் தேடி வளைந்ததாகவும் இருக்கலாம், ஆகவே ஒரு மரத்தை நம்பக் கூடாது. புதிதாக ஊற்று கிளம்புவது, பழைய ஊற்று நின்றுபோவது, தெளிந்த ஓடை கலங்கி வருவது, தரையில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுவது ஆகியவை அவசர அறிகுறிகள்.

இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து மக்களுக்குச் சொல்லும் கணக்கு எளிது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்த தோட்டத்து லயங்கள் ஆபத்தான இடத்தில் இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. லயத்து வீடும் அது நின்ற நிலமும் அங்கே குடியிருந்தவர்களுக்குச் சொந்தமில்லை. வேறு இடத்தில் வீடு கட்டிக்கொள்ள அவர்கள் பெயரில் ஒரு பேர்ச் காணியும் இல்லை.